பிஎஸ்ஐ 85, ஆனால் கண் எரிகிறது: புகைமூட்டம் உடம்பை என்ன செய்கிறது

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் காற்றின் தரத்தைக் காட்டும் செயலியில் 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 85, ‘மிதமான நிலை’ என்று காட்டுகிறது. சன்னலைத் திறந்தாலோ கருகல் வாடையும் கண் எரிச்சலும். வீட்டில் 71 வயது அப்பா இருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், தினமும் காலையில் நடப்பவர். 9 வயது மகனுக்கு ஆஸ்துமா, சனிக்கிழமை கால்பந்துப் பயிற்சி. எதை நம்புவது, என்ன செய்வது?

செயலி பொய் சொல்லவில்லை, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு நேரத்தைப் பற்றிப் பேசுகின்றன. பிஎஸ்ஐ என்பது கடந்த 24 மணி நேரச் சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 மணி நேரம் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் (2.5 மைக்ரானோ அதைவிடச் சிறியதோ ஆன துகள்) கனமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருந்தது. பிறகு காற்று திசை மாறி, கடைசி 3 மணி நேரமும் அது 200. சராசரி எடுத்தால் 42.5. அதைப் பிஎஸ்ஐ ஆக மாற்றினால் ஏறக்குறைய 85. அதாவது ‘மிதமான நிலை’. ஆனால் இந்த நிமிடம் நீங்கள் இழுக்கும் மூச்சில் இருப்பது 200. புகை விலகிய பிறகு இதுவே தலைகீழாக நடக்கும்: வானம் தெளிந்திருக்கும், பிஎஸ்ஐ மட்டும் 110, 120 என்று நிற்கும்.

ஆகவே ‘இப்போது வெளியே போகலாமா’ என்ற கேள்விக்குப் பார்க்க வேண்டியது ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்கும் அது தனித்தனியாக இருக்கிறது. 55 வரை வழக்கமான நிலை, 56 முதல் 150 வரை சற்று அதிகம், 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். உங்கள் வட்டாரத்தைத்தான் பார்க்க வேண்டும். மேற்கே ஜூரோங்கில் 160 இருக்கும்போது கிழக்கே பாசிர் ரிஸ்ஸில் 70 இருக்கலாம். 24 மணி நேர பிஎஸ்ஐ முன்னுரைப்பு, நாளைய தினத்தைத் திட்டமிட உதவும். பள்ளி விளையாட்டு விழா, கோயில் ஊர்வலம், கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் ஊற்றும் வேலை போன்றவற்றுக்கு அதைப் பாருங்கள்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 55 வரை ‘வழக்கமான நிலை’ என்பதால் 50 சுத்தமான காற்று ஆகிவிடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, 24 மணி நேரச் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்கிறது. இதய நோயாளி இருக்கும் வீட்டில், மணி நேர அளவு 56ஐத் தொட்டதுமே பழக்கங்களை மாற்றிக்கொள்வது நல்லது.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்பதும் உடல்நலக் கணக்கில் சேரும். ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவிலிருந்து நம் பக்கம் வீசுகிறது. அங்கேயும் போர்னியோத் தீவின் கலிமந்தானிலும் எரிவது வெறும் மரமும் புதரும் அல்ல. பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்துள்ள கரிச்சேற்று நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதும் மட்காமல் தண்ணீருக்குள் கிடந்த செடிகொடிகள் அவை. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்தபின், அந்த நிலம் காய்ந்த வறட்டி போல ஆகிவிடுகிறது. தீ அதில் கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். குறைந்த வெப்பத்தில், காற்று போதாமல் எரிவதால் முழுமையாக எரியாத கரிமப் பொருள்கள் நுண்துகளாகவும் வாயுவாகவும் ஏராளமாக வெளிவருகின்றன: கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், பென்சீன், பல வளைய ஹைட்ரோகார்பன்கள். நீர்மட்டம் உயரும் அளவுக்கு மழை பெய்தால்தான் அது அடங்கும். விமானத்திலிருந்து கொட்டும் தண்ணீர் அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை.

புகை இங்கே வந்து சேர்வதற்குள் வாயுக்களில் பெரும்பகுதி நீர்த்துப்போகும். நுண்துகள் அப்படியல்ல. பல நாள் காற்றில் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரில் 3 மணி நேர பிஎஸ்ஐ 401 வரை போனது. 1997இல் பதிவான உச்சம் 226. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்க்கலாம். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). பிஎம் 2.5 அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சிறியது. பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்துவிடும். தும்மியும் இருமியும் வெளியே தள்ளிவிடுவோம். இந்த நுண்துகளை அவற்றால் பிடிக்க முடியாது. அது மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை சென்று, ஆக்ஸிஜன் இரத்தத்துக்கு மாறும் காற்றுப்பைகளில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே காவல் இருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். விழுங்கி முடியாமல் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கும். அவை நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை, இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும், இரத்தக் குழாய்கள் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது, இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் நரம்புகளும் தடுமாறும். ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாய் இருப்பவருக்கு இவை மூன்றும் ஒன்றாக நடப்பது ஆபத்து.

இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். இருமலும் கண் எரிச்சலும் தொந்தரவு தருபவை, ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கே இல்லை. உயிரைப் பறிக்கும் ஆபத்து இதயத்திலும் மூளை இரத்தக் குழாயிலும் இருக்கிறது, அது இருமாமலேயே வரும். மருத்துவமனைக்கு வெளியே திடீரென இதயத் துடிப்பு நின்றுபோகும் நிகழ்வுகளையும் இரத்தக்கட்டால் வரும் பக்கவாதத்தையும் பிஎஸ்ஐ அளவோடு ஒப்பிட்ட சிங்கப்பூர் ஆய்வுகள், பிஎஸ்ஐ உயர்ந்த நாள்களிலும் அடுத்த சில நாள்களிலும் அவை அதிகரிப்பதைக் காட்டியுள்ளன. ‘அப்பாவுக்கு இருமல்கூட இல்லையே’ என்று நிம்மதி அடைய வேண்டாம்.

மூச்சுப் பாதை விஷயத்திலும் நம் ஊர்த் தரவு உண்டு. 1997 புகைமூட்டத்தின்போது பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்) அளவு 50இலிருந்து 150 மைக்ரோகிராமுக்கு ஏறியதோடு மேல் சுவாசப்பாதை நோய்களுக்காக மருத்துவரைப் பார்க்க வந்தோர் 12 விழுக்காடும், ஆஸ்துமாவுக்காக வந்தோர் 19 விழுக்காடும், மூக்கழற்சிக்காக வந்தோர் 26 விழுக்காடும் கூடினர். காட்டுத்தீப் புகையின் துகள் வாகனப் புகைத் துகளைவிட நுரையீரலுக்குக் கடுமையானதாக இருக்கலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. தென் கலிஃபோர்னிய மருத்துவமனைத் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், காட்டுத்தீயின் பிஎம் 2.5 கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் சுவாசக் கோளாறுக்காகச் சேர்க்கப்படுவோர் 1.3 முதல் 10 விழுக்காடு வரை கூடினர். மற்ற மூலங்களிலிருந்து வந்த துகளுக்கு அது 0.67 முதல் 1.3 விழுக்காடு.

பிள்ளைகள் ஏன் தனிக் கவனத்துக்கு உரியவர்கள்? உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், வாயால் மூச்சு விடுகிறார்கள், நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2008இல் கலிஃபோர்னியாவில் பிறந்த சில மாதங்களிலேயே காட்டுத்தீப் புகையைச் சுவாசித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, இளம்பருவத்தில் அவற்றின் நுரையீரல் திறன் குறைந்திருந்தது தெரியவந்தது. கருவுற்ற பெண்கள் நெடுநாள் புகையில் இருந்தால் குறைமாதப் பிரசவமும் எடைகுறைந்த குழந்தையும் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரப் புகையால் வரும் எரிச்சல், இருமல், தலைவலி பெரும்பாலும் புகை விலகியதும் போய்விடும். புற்றுநோய் பயம் ஒரு வாரப் புகைக்கு உரியதல்ல, ஆண்டுக்கணக்கில் சேரும் மொத்தத்துக்கு உரியது.

மொத்தம் என்றதும் அப்பாவின் நடைக்கு வருவோம். உள்ளே போகும் துகளின் அளவு மூன்றைப் பொறுத்தது: காற்றில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர் காற்றை இழுப்பார். மெதுவாக ஓடுபவர் 50 லிட்டரை எட்டுவார். காற்றில் 200 இருந்தால், உட்கார்ந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் போவது சுமார் 96 மைக்ரோகிராம், ஓடுபவருக்கு 600. புகையில் ஒரு மணி நேரம் ஓடுவது ஆறு மணி நேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கால்பந்து ஆடும் பையனுக்கும் இதே கணக்குதான்.

பிஎஸ்ஐ 101 முதல் 200 வரை இருந்தால் சுகாதார அமைச்சின் அறிவுரை ஆளுக்கு ஆள் மாறும். ஆரோக்கியமானவர் நீண்ட நேர, கடினமான வெளிப்புற உழைப்பைக் குறைக்க வேண்டும். முதியோர், கருவுற்றோர், பிள்ளைகள் முடிந்தவரை மிகவும் குறைக்க வேண்டும். இதய, நுரையீரல் நோயாளிகள் தவிர்க்க வேண்டும். 200ஐத் தாண்டினால் நோயாளிகள் வெளிப்புற நடவடிக்கையையே தவிர்க்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த உங்கள் அப்பா ‘முதியோர்’ வரிசையில் இல்லை, ‘நோயாளி’ வரிசையில் இருக்கிறார். காலை நடையை அந்த நாள்களில் வீட்டுக்குள்ளோ குளிரூட்டிய கடைத்தொகுதிக்குள்ளோ மெதுவாக வைத்துக்கொள்ளட்டும். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம் உதவாது. கூரை இருக்கிறதே தவிர அதுவும் வெளிக்காற்றுதான். இரத்தம் நீர்க்க, கொழுப்புக் குறைய அவர் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது. குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்து கையிருப்பில் இருக்கட்டும். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறுவது, ஒரு கை தூக்க வராதது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் சோர்வும் மட்டும் வரலாம். அதையும் ‘புகைதானே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மகனுக்குச் சனிக்கிழமை பயிற்சி வேண்டாம், மணி நேர அளவு 55க்குக் கீழே வரும் வரை. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று பெற்றோர் நிறுத்துவதுதான் இந்தப் பருவத்தில் மிக அதிகம் நடக்கும் தவறு. அழற்சியை அடக்கி வைப்பது அந்த இன்ஹேலர்தான். நிறுத்தினால் சில நாளில் பாதுகாப்பு கரைந்துவிடும். உடனடி நிவாரண இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்), மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்துமாத் திட்டம் மூன்றும் பள்ளிப் பையிலேயே இருக்கட்டும். நிவாரண மருந்து எடுத்து 4 மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி தேவைப்பட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, மூச்சிழுக்கையில் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போகிறது, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், 995.

முகக்கவசம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அணிபவர்களில் பலர் தவறாக அணிகிறார்கள். என்95 என்பது வடிகட்டப் பெரிதும் கடினமான 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்கும் துணி. ஆனால் காற்று துணி வழியாகப் போனால்தான் அது பிடிக்கும். கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் காற்று சுலபமான அந்த வழியில்தான் போகும். மேல் பட்டை காதுக்கு மேலே, உச்சந்தலைப் பக்கம்; கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே, பிடரியில். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திவிடுங்கள். கிள்ளினால் நடுவில் கூம்பு விழுந்து கசியும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் மூடி வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணில் காற்று படுகிறதா, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதா? அப்படியானால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. என்95ஐத் துவைக்கக்கூடாது, கிருமிநாசினியும் தெளிக்கக்கூடாது. துணியில் இருக்கும் மின்னூட்டம்தான் துகளைப் பெருமளவு இழுத்துப் பிடிக்கிறது, ஆல்கஹால் பட்டால் அது போய்விடும். அழுக்கேறினாலோ, வடிவம் கெட்டாலோ, மூச்சிழுக்கக் கடினமானாலோ மாற்றுங்கள். சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் ஓரங்களில் கசிவதால் இந்தப் புகைக்குப் போதாது. தளத்தில் வேலை செய்யும் தம்பிமார்கள் முகத்தில் கட்டிக்கொள்ளும் ஈரத்துண்டு சிமெண்ட் தூசியை ஓரளவு நிறுத்தும், பிஎம் 2.5ஐ நிறுத்தாது. அவர்களுக்கு என்95 கொடுப்பதும், கடின வேலையை உள்ளே மாற்றுவதும், இடைவேளையைக் கூட்டுவதும் முதலாளியின் பொறுப்பு. மேற்பார்வையாளரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

என்95 மூச்சுக்குத் தடை கொடுக்கும். இதய, நுரையீரல் நோயாளிகளும் கருவுற்றோரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அணியட்டும். தலை சுற்றினாலோ மூச்சு முட்டினாலோ கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போகும் ஐந்து நிமிடத்துக்கு அது தேவையே இல்லை.

வீட்டை எடுத்துக்கொண்டால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு முழுவதையும் சுத்தமாக வைக்க முயன்று எதையும் சுத்தமாக வைக்காமல் போவதைவிட, அப்பாவும் பையனும் தூங்கும் ஓர் அறையை உருப்படியாகச் செய்வது மேல். அறை 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.6 மீட்டர் என்றால் கொள்ளளவு 27 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அந்தக் காற்று வடிகட்டப்பட வேண்டும். அதற்கு மணிக்குச் சுமார் 140 கனமீட்டர் வேண்டும். காற்றுச் சுத்திகரிப்பான் பெட்டியில் ‘சிஏடிஆர்’ (சுத்தமான காற்றை வெளியிடும் வேகம்) என்று போட்டிருக்கும் எண் இதுதான். நிமிடத்துக்குக் கன அடி என்று போட்டிருந்தால் 1.7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த எண் முழு வேகத்துக்கு உரியது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். இரவில் சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில் வைத்தால் பாதிகூடக் கிடைக்காது. எனவே தேவையைப்போல் இரண்டு மடங்கு வாங்கி மெதுவாக ஓடவிடுங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அவசியம். ஓசோன் விடும் கருவி வேண்டாம், ஓசோனே நுரையீரலை எரிக்கும்.

ஏர்கான் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றை இழுப்பதில்லை, அது நல்லது. ஆனால் அதன் வலை நுண்துகளைப் பிடிப்பதும் இல்லை. அதன்மேல் தடிமனான வடிகட்டித் தாளை ஒட்டினால் காற்றோட்டம் குறைந்து சுருளில் பனி கட்டும், பிறகு கட்டிலில் தண்ணீர் சொட்டும். தள்ளும் சன்னலின் தண்டவாள இடுக்கு, கதவின் அடி, கழிவறையின் சரிவுக் கண்ணாடிப் பட்டைகள் இவற்றின் வழியாகத்தான் புகை நுழைகிறது. நாடாவும் பழைய துண்டும் போதும். வெளியே காற்றைத் தள்ளும் விசிறி எதையும் ஓடவிடாதீர்கள், அது தள்ளும் அளவுக்குப் புகைக்காற்று இடுக்கு வழியே உள்ளே வரும்.

சன்னலை மூடிய வீட்டில் நாமே புகை போடக்கூடாது என்பதை இந்தப் பருவத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நவராத்திரியும் தீமிதியும் தீபாவளியும் பெரும்பாலும் இந்தப் புகை மாதங்களின் கடைசியில்தான் வருகின்றன. மூடிய அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், எண்ணெய் கொதிக்கப் பலகாரம் சுடுவது எல்லாமே பிஎம் 2.5தான், நுரையீரலுக்குச் சுமத்ராப் புகையா சாம்பிராணியா என்ற பேதம் தெரியாது. ஒரு சிறு நெய் விளக்கோடு பூசையை முடித்துக்கொள்ளுங்கள். முறுக்கை, அளவு இறங்கிய நாளில் சன்னலைத் திறந்துவைத்துச் சுடலாம். நான்கு பேர் மூடிய அறையில் தூங்கி எழும்போது வரும் தலைபாரம் பெரும்பாலும் அடைந்த காற்றால் வருவது. மணி நேர அளவு இறங்கும் வேளை பார்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்துவிட்டு மறுபடி மூடுங்கள். தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

வெல்லம் நுரையீரலைக் கழுவும் என்று சிலர் சொல்வது உண்மையல்ல; வயிற்றுக்குப் போவது நுரையீரலுக்குப் போவதில்லை. தண்ணீர் தொண்டை வறட்சிக்கு நல்லது, அவ்வளவுதான். ஆவி பிடிப்பது மூக்கடைப்பைத் தளர்த்தும், துகளை வெளியே எடுக்காது, சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். பிள்ளைகளுக்குக் கொதிநீர் ஆபத்தும் உண்டு. மூக்கை உப்புநீரால் அலசலாம், கொதிக்கவைத்து ஆறிய நீராக இருக்க வேண்டும். கண்ணைத் தேய்க்காமல் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் அந்த வாரம் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளலாம்.

இருமல் புகை விலகி ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை, சளி மஞ்சளாகிக் காய்ச்சல் வருகிறது, மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத இரைப்பு இருக்கிறது என்றால் பலதுறை மருந்தகத்திலோ வழக்கமான மருத்துவரிடமோ காட்டுங்கள். புகை நாள்களில் மணி நேர அளவு எவ்வளவு இருந்தது, எத்தனை முறை இன்ஹேலர் எடுத்தான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்ய அதுவே உதவும்.